உப்புக்காற்றுக்குத் தாங்குமா சறுக்குமரம்?

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரம். என் பெண் படிக்கும் அரசுப் பள்ளிக்கு ஊர்ப் பெரியவர் ஒருவர் விளையாட்டுச் சாமான் வாங்கித் தருவதாகச் சொன்னார். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒருத்தி. (2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி, இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட மட்டும் இல்லை!)

கடைக்காரர் கலர் கலராகப் படம் காட்டினார். ஊஞ்சல், சீசா, ராட்டினம் என்று ஆறு சாமான். பார்க்க நல்லாத்தான் இருந்தது. "இரும்புக் குழாய்க்குத் துத்தநாகம் பூசியிருக்குங்களா?" என்று கேட்டேன். "பெயின்ட் அடிச்சிருக்கும்மா, ஒண்ணும் ஆகாது" என்றார்.

எங்கள் ஜன்னல் கம்பி இரண்டே வருஷத்தில் பொரிந்து உதிர்கிறது. வெறும் பெயின்ட் எத்தனை நாளைக்கு? அதுவும் குழாய் சிமென்ட்டுக்குள் இறங்குகிற இடத்தில்தான் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும். மேலே பளபளவென்று இருக்கும், அடியில் கூடாகிப் போயிருக்கும். பிள்ளை ஊஞ்சலில் வேகமாக ஆடும்போதுதான் தெரியவரும்.

சிதம்பரத்தில் இருக்கும் நாத்தனாரிடம் போனில் சொன்னேன். "எங்களுக்கு உப்பு இல்ல அண்ணி, களிமண்ணு. ஐப்பசி கார்த்திகையில தண்ணி நின்னா நட்ட கம்பமே சாயுது. பையன் ஸ்கூல்ல ஊஞ்சலைக் கயிறு கட்டி மூடி வெச்சிருக்காங்க" என்றாள். அங்கே அஸ்திவாரம் ஆழமாக வேண்டும்; இங்கே குழாய் நல்லதாக வேண்டும். ஒரே மாவட்டம்தான்!

கீழே என்ன போடுவது என்பதுதான் பெரிய சண்டை. சிமென்ட் தளம் சுத்தமாக இருக்கும் என்றார்கள். விளையாட்டுத் திடலில் அடிபடுவதில் பெரும்பாலும் விழுவதால்தான். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், நாலடி உயரத்திலிருந்து விழுந்தால் தாங்க ஒன்பது அங்குலம் மணல் வேண்டும் என்கிறது. கம்பிகளுக்கு நடுவே மூன்றரை அங்குலத்திலிருந்து ஒன்பது அங்குலம் வரை சந்து இருந்தால், உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளுமாம். தையல் டேப்பை எடுத்துப் போய் மாதிரிச் சாமானை அளந்தேன். ஏணியில் ஐந்து அங்குலம்! கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே. "கடற்கரை மணலை அள்ளிக் கொட்டிடலாமே" என்றார் ஒருத்தர். உப்பு மணல் இரும்புக்கு எமன் ஆச்சே!

கடைசியில் ஆறு சாமானை மூன்றாகக் குறைத்தோம். ராட்டினம் வேண்டாம். பெரியவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பெயர்ப்பலகையைப் பெரிதாகவே வைக்கிறோம் என்றதும் சிரித்துவிட்டார். மிச்சப் பணம் ஆற்று மணலுக்கும், துத்தநாகத்தில் முக்கி எடுத்த குழாய்க்கும் போனது. சறுக்குமரம் வேப்பமர நிழலில். 2011 டிசம்பரில் தானே புயலுக்குத் தப்பி நின்ற மரம் அது.

ஐந்து வருஷம் பழுது பார்த்துத் தருவதாகப் பில்லிலேயே எழுதி வாங்கியாச்சு. மாதம் ஒருமுறை போல்ட், நட்டு எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்து நோட்டில் எழுதுவது அம்மாக்கள் முறை. இந்த மாதம் என் முறை.

- ஒரு வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்.