சைகோனிலிருந்து புதுவைக்கு வந்த சூப்!

அரிசி மாவை வேகவைத்து, அச்சில் இட்டுப் பிழிந்தால் கிடைப்பது சேவை. கன்னட எல்லையை ஒட்டிய பேரிகைப் பக்கத்தில் இதையே 'ஒத்து சாவிகே' என்பவர்களும் உண்டு. தேங்காய்ப் பாலும் வெல்லமும் சேர்த்தால் விருந்துச் சாப்பாடு.

இந்தச் சேவையை எலும்புச் சாற்றில் மிதக்கவிட்டால்?

முகம் சுளிக்க வேண்டாம். ஏறக்குறைய அப்படி ஒரு சூப்பைத்தான் வியட்நாம் மக்கள் காலைப் பலகாரமாக ருசித்துச் சாப்பிடுகிறார்கள். அதன் பெயர் ஃபோ. அந்த ருசி தமிழர் வீடுகளிலும் நுழைந்து பல காலம் ஆகிறது. ஆம், புதுச்சேரியில்!

கப்பல் ஏறிய தமிழர்

புதுச்சேரியும் வியட்நாமும் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தன. ஆகவே புதுவைத் தமிழர் பலர் சிப்பாய்களாகவும் அரசாங்க உத்தியோகஸ்தர்களாகவும் சைகோனுக்குப் போனார்கள். நகரத்தார் அங்கே வட்டிக்கடை வைத்திருந்தார்கள். அந்நாளில் தமிழர் கும்பிட்ட மாரியம்மன் கோவில் இன்றும் அங்கே இருக்கிறது. ஊர்தான் ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறிவிட்டது.

சிலர் வியட்நாமியப் பெண்களை மணந்தார்கள். 1954-ல் இரண்டு இடங்களிலும் பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வந்தது. மனைவி மக்களுடன் புதுவைக்குத் திரும்பிய குடும்பங்கள் உண்டு. மொழி தெரியாத ஊரில் வந்து இறங்கிய பெண்ணுக்குத் தாய்வீட்டை நினைவூட்ட அடுப்பங்கரையைத் தவிர வேறென்ன இருந்திருக்கும்?

ஃபோவும் ஊர் விட்டு ஊர் போனதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கே ஹனாய், நாம் தின் பக்கம் பிறந்தது. 1954-ல் நாடு இரண்டானபோது லட்சக்கணக்கானோர் தெற்கே போனார்கள். சூப்பும் கூடவே போயிற்று. தெற்கத்தியார் அதில் முளைப்பயறும் பச்சிலைகளும் சேர்த்தார்கள். 1975-ல் போர் முடிந்தபின் அகதிகளோடு அமெரிக்கா வரை போய்விட்டது.

பிரியாணி வாசனை!

பக்குவம் என்ன? எலும்பை ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கழுவிப் புதுத் தண்ணீரில் போட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் சாறு கலங்கிவிடும். வெங்காயத்தையும் இஞ்சியையும் நெருப்பில் தோல் கருகச் சுட்டுப் போடுவார்கள். பிறகு பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, கொத்தமல்லி விதை. எல்லாம் நம் பிரியாணிச் சாமான்கள்தாம்! ஆனால் அரைப்பது கிடையாது, காரமும் இல்லை. சிறு தீயில், நுரையை எடுத்தபடி, மாட்டெலும்பானால் ஆறு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். மாட்டிறைச்சி ஆகாதவர்களுக்குக் கோழி ஃபோ உண்டு. அது சீக்கிரம் முடியும். உப்புக்குப் பதில் மீனைப் புளிக்கவைத்து வடித்த சாறு.

இழையைப் பிழிவதில்லை. துணியில் மாவை மெல்லிய தோசைபோல் ஊற்றி, ஆவியில் வேகவைத்து, நாடாவாக நறுக்குகிறார்கள். கடையில் வாங்கும் உலர்ந்த நாடாவை ஊறவைத்து, கொதிநீரில் ஒரு முக்கு முக்கினால் போதும். கிண்ணத்தில் நாடா, மேலே இறைச்சி, அதன்மேல் கொதிக்கும் சாறு. எலுமிச்சையைப் பிழிந்து உடனே சாப்பிட வேண்டும். பேச்சுக் கொடுத்தால் நாடா ஊறிப் பருத்துவிடும்.

ஓசூர்க்காரர்கள் பெங்களூர் போனால் இதை ஓட்டலிலேயே வாங்கிச் சாப்பிடலாம். ஓட்டலில் பெரிய அண்டா. நினைத்தபோது கிண்ணம் வரும். வீட்டில் நாலு பேருக்காக அரை நாள் அடுப்பைக் காக்க வேண்டும். புதுவைப் பாட்டிமார் அதைச் செய்தார்கள். அளவுகளோ கையில்தான், ஏட்டில் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்த மகளுக்குத்தான் அது தெரியும்.