உப்பு அள்ளும் லாரி
கழிவோடு வாழ்தல் – 11

2014 பிப்ரவரி 5, காலை பதினோரு மணிக்குச் சற்று முன்பு. நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் ஊரைத் தாண்டி, தரைக்குக் கீழே 655 மீட்டர் ஆழத்தில் 86 பேர் வேலையில் இருந்தார்கள். வெட்டிய உப்பைக் கொட்டிவிட்டுத் திரும்பவிருந்த ஒரு டீசல் லாரியின் ஓட்டுநருக்கு, வண்டியின் என்ஜின் பக்கம் செம்மஞ்சளாக ஏதோ ஒளிர்வது தெரிந்தது. கைத் தீயணைப்பானை எடுத்து அடித்துப் பார்த்தார், அடங்கவில்லை. லாரியிலேயே பொருத்தியிருந்த தீயணைப்புக் கருவியைத் தானே இயக்கினார், அதற்கும் மசியவில்லை. கொஞ்ச நேரத்தில் முன்சக்கர டயர்கள் இரண்டும் பற்றிக்கொண்டன. ரப்பர் எரிந்த கரும்புகை சுரங்கப் பாதைகளில் பரவத் தொடங்கியது.

போன வாரம் பார்த்த அதே ‘விப்’ நிலத்தடி அணுக்கழிவுக் கிடங்குதான் இது. அமெரிக்காவின் அணு ஆயுதத் தயாரிப்பில் மிஞ்சிய, புளூட்டோனியம் ஒட்டிய கையுறைகளும் கருவிகளும் கசடுகளும் 1999 மார்ச் முதல் இங்கே வந்து இறங்குகின்றன. எரிந்த லாரிக்கும் அந்தக் கழிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கழிவு அடுக்கிய அறைகள் வேறு திசையில் இருந்தன. ஒரு துளி கதிர்வீச்சுகூட அன்று வெளியேறவில்லை. ஆனாலும், அணுக்கழிவுக் கிடங்கில் தொழிலாளர் பாதுகாப்பு எங்கே கோட்டைவிடுகிறது என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது இந்த லாரியைத்தான்.

அமெரிக்க எரிசக்தித் துறை அமைத்த விசாரணைக் குழு அடுத்த மாதமே அறிக்கை கொடுத்தது. லாரிக்கு ஏறத்தாழ முப்பது வயது. டீசலோ ஹைட்ராலிக் ஆயிலோ கசிந்து, கொதிக்கும் புகைப்போக்கிப் பாகத்தில் பட்டுப் பற்றியிருக்கிறது. வண்டி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. ஒழுங்காகக் கழுவித் துடைத்திருந்தால் தீ இவ்வளவு வளர்ந்திருக்காது. வெப்பத்தை உணர்ந்து தானாகவே இயங்க வேண்டிய தீயணைப்பு அமைப்பை எப்போதோ முடக்கி, கையால் இயக்குவதாக மாற்றியிருந்தார்கள்.

இதையெல்லாம் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்க விடாத ஒரு விவரமும் அதே அறிக்கையில் இருக்கிறது. அதே சுரங்கத்தில் கழிவுப் பீப்பாய்களைத் தூக்கும் வண்டிகள் பளபளவென்று இருந்தன. அவற்றுக்கு ஒழுங்கான பராமரிப்பு, தானியங்கித் தீயணைப்பு, எல்லாம் இருந்தன. கழிவைத் தொடும் வண்டி அணுசக்தி விதிகளின் கீழ் வந்தது. உப்பு அள்ளும் வண்டி வெறும் சுரங்க வண்டி. ஒரே குழிக்குள் இரண்டு சாதி வண்டிகள். புகைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அடுத்து நடந்ததும் அதே மனப்போக்கின் தொடர்ச்சிதான். தகவல் மேலே போனதும், பொறுப்பில் இருந்தவர் காற்றோட்டத்தை வடிகட்டி வழியாகத் திருப்பிவிட்டார். கதிர்வீச்சு கசிந்தால் செய்ய வேண்டியது அது. சாதாரணமாக அந்தச் சுரங்கத்துக்குள் நிமிடத்துக்கு 4,25,000 கன அடி காற்று ஓடும். வடிகட்டியில் திருப்பினால் 60,000தான். காற்றின் வேகமும் போக்கும் திடீரென மாறியதில், நல்ல காற்று இருக்கும் என்று ஆட்கள் நம்பி ஓடிய பாதைக்குள் புகை வந்துவிட்டது. கண் தெரியாத இருட்டில் தடவித் தடவி நடந்தவர்களும் உண்டு. இடுப்பில் தொங்கிய சுவாசக் கருவியை மாட்டத் தெரியாமல் திணறியவர்களும் உண்டு. 86 பேரும் மேலே வந்து சேர்ந்தார்கள். ஆறு பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மேலும் ஏழு பேருக்குச் சுரங்க வளாகத்திலேயே சிகிச்சை. உயிரிழப்பு இல்லை என்பதை அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

ஆலையில் வேலை பார்த்த எவருக்கும் ‘பெர்மிட்’, அதாவது ஆபத்தான வேலைக்கு முன் வாங்கும் எழுத்துமூல அனுமதி, என்னவென்று தெரியும். வெல்டிங் வைக்க ஒன்று, தொட்டிக்குள் இறங்க ஒன்று, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட ஒன்று. அமெரிக்க எரிசக்தித் துறை 1990களில் இருந்து தன் தளங்கள் எல்லாவற்றிலும், வேலைக்கு முன் ஆபத்தை யோசிக்கும் இந்த முறையை ஒரு சுழற்சியாகவே வகுத்து வைத்திருக்கிறது: என்ன வேலை என்று வரையறுப்பது, அதில் என்ன ஆபத்து என்று ஆராய்வது, தடுப்புகளை ஏற்படுத்துவது, அந்த வரம்புக்குள் வேலையை முடிப்பது, முடித்தபின் கற்றதை எழுதி வைப்பது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிய வேலை, பெரிய வேலை, பயமுறுத்தும் வேலை என்றால்தான் ஆட்கள் உட்கார்ந்து யோசிப்பார்கள். தினமும் நடக்கிற உப்பு லாரிக்கு யார் கூட்டம் போடுவார்கள்?

ஒன்பது நாள் கழிந்தது. பிப்ரவரி 14 இரவு 11.14க்கு, கழிவு அடுக்கும் அறைகளின் தொகுதியான ஏழாம் பேனலில் காற்றைச் சோதிக்கும் கருவி அலறியது. சுரங்கத்துக்குள் ஒருவரும் இல்லை. மேலே 11 பேர் இருந்தார்கள். காற்றோட்டம் இம்முறை தானாகவே வடிகட்டிக்குத் திரும்பியது. வடிகட்டியைச் சுற்றிச் செல்லும் பாதையின் கதவுகள் முழுக்க இறுக்கமாக மூடாததால் கொஞ்சம் அமெரிசியமும் புளூட்டோனியமும் வெளியே போயின. அப்போது மேலே வளாகத்தில் இருந்தவர்களைக் கட்டடங்களுக்குள்ளேயே இருக்கச் சொல்லி உத்தரவு வந்தது மறுநாள் காலையில்தான். பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட ஊழியர்களின் உடலில் மிகச் சிறிய அளவில் கதிரியக்கப் பொருள் தெரிந்தது.

குற்றவாளி லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இருந்து வந்த ஒரு பீப்பாய், எண் 68660. அதற்குள் நைட்ரேட் உப்புக் கழிவு. திரவத்தை உறிஞ்சக் களிமண் வகையைச் சேர்ந்த, கரிமமற்ற பொருளைப் போட்டிருக்க வேண்டும். ஆய்வகத்தின் செயல்முறை ஏட்டைத் திருத்தியபோது அது ‘கரிம’ உறிஞ்சி என்று ஆகிவிட்டது. தொழிலாளர்கள் ஏட்டில் உள்ளபடியே செய்தார்கள்: கோதுமையில் செய்த, பூனை மலம் கழிக்கும் தட்டில் போடுகிற துகளை வாங்கிக் கொட்டினார்கள். வெடியுப்பும் எரியக்கூடிய பொருளும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பட்டாசுத் தொழிலில் உள்ள யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். இரண்டரை மாதம் போல உள்ளுக்குள் சூடேறி, கடைசியில் மூடி பிளந்தது.

அந்தத் திருத்தத்தை ஒரு வேதியியலர் ஒழுங்காகப் படித்திருந்தால் போதும். கதிர்வீச்சு எவ்வளவு, பீப்பாயில் புளூட்டோனியம் எத்தனை கிராம் என்றெல்லாம் நுணுக்கமாகக் கணக்கெடுக்கிற இடத்தில், உறிஞ்சும் துகள் கடையில் வாங்குகிற சாமான். சாமானுக்கு யார் பரிசீலனை வைப்பது? லாரியைக் கழுவாமல் விட்டதும் இதுவும் வேறு வேறு விபத்துகளாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டுக்கும் பிறகு தொடங்கிய வேலைதான் ஆகக் கடினமானது. உப்புப் பாறை சும்மா இருக்காது; குடைந்த இடத்தை மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டே வரும். கழிவைக் காலம் காலமாக இறுக்கிப் பிடிக்கும் என்று அதைத் தேர்ந்தெடுத்ததற்கே அந்தக் குணம்தான் காரணம். அதே குணம் உள்ளே வேலை செய்கிறவர் தலைக்கு மேலே கூரையையும் தளர்த்துகிறது. ஆகவே நீண்ட இரும்பு போல்ட்டுகளை அறைந்து கூரையைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விபத்துக்குப் பின் பல மாதம் அந்தப் போல்ட் வேலை நடக்கவே இல்லை. மீண்டும் தொடங்கியபோது, உடல் மூடிய உடுப்பும் முகமூடியும் அணிந்து போக வேண்டியிருந்தது. முகமூடி போட்டால் பக்கவாட்டில் தெரியாது; பேசினால் கேட்காது; வியர்த்துக் கொட்டும். போல்ட் அறையும் இயந்திரம் ஓட டீசல் வேண்டும். டீசல் புகையை வெளியேற்றக் காற்று வேண்டும். வடிகட்டி வழியாக வரும் 60,000 கன அடிக் காற்றில் ஓட்ட முடிந்தது சில வண்டிகளைத்தான்.

கதிர்வீச்சுக்கு அஞ்சி ஆட்களை வெளியே நிறுத்தினால் கூரை தளரும். கூரைக்கு அஞ்சி உள்ளே அனுப்பினால் கதிர்வீச்சு. எதை முதலில் கவனிப்பது என்பதை அன்றைய ஷிஃப்ட் தொடங்குமுன் யாரோ ஒருவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உடனடியாகக் கொல்லக்கூடியது பாறைதான் என்பதால், முகமூடியோடும் போல்ட் வேலை நடந்தது. அப்படியும் போதவில்லை. 2016இன் பிற்பகுதியில் பெரிய பெரிய பாளங்களாகக் கூரை சரிந்தது. ஒன்று ஏழாம் பேனலுக்கு உள்ளேயே. அந்த இடங்களுக்கு ஆட்கள் போவதை முன்பே தடுத்திருந்ததால் யாரும் அடிபடவில்லை. சுரங்கத்தின் தென்கோடியை இனிக் காப்பாற்ற வேண்டாம், உப்பே மூடிக்கொள்ளட்டும் என்று நிர்வாகம் பின்வாங்கியது. 2017 ஜனவரியில், ஏறத்தாழ மூன்றாண்டுக்குப் பிறகு, மீண்டும் பீப்பாய்களை உள்ளே வைக்கத் தொடங்கினார்கள்.

(அடுத்த வாரம்: ஹான்ஃபோர்டின் நிலத்தடித் தொட்டிகளும், அங்கிருந்து வரும் ஆவியைச் சுவாசித்தவர்கள் தொடுத்த வழக்கும்.)