துருவேறிய பிரேக் குழாய் நட்டைக் கழற்றும் முறை

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவார்க்கு நேரும் தொல்லைகளுள், பிரேக் குழாயின் நட்டைக் கழற்றுதல் போலச் சிறிதாய்த் தோன்றிப் பெரிதாய் முடிவது பிறிதில்லை எனலாம். மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்டுவந்த அம்பாசடர் வண்டிகள் இன்றும் நம் சாலைகளில் ஆங்காங்கே ஓடக் காண்கின்றோம். அவ்வண்டியையும் அதனையொத்த முதுவண்டிகளையும் உளங்கொண்டே இதனை வரையப் புகுந்தோம். தமிழ் பயில்வார்க்குப் பட்டறையில் என்ன வேலை என்று நகைப்பாரும் உளர். பிரேக் அற்ற வண்டியோ, ஏறியவன் இலக்கணம் கற்றவனா கணிதம் கற்றவனா என்று வினவி நிற்பதில்லை.

முதற்கண் அந்நட்டின் வேலை இன்னதென்று உணர்தல் வேண்டும். ஓட்டுபவர் மிதியை அமுக்க, மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் தள்ளப்பட்டு, மெல்லிய எஃகுக் குழாய்களின் வழியே சக்கரந்தோறும் அமைந்த சிறு சிலிண்டர்களை அடைந்து, ஆங்குள்ள பிரேக் ஷூக்களை விரித்துச் சக்கரத்தைத் தடுக்கின்றது. மூடிய கலத்தில் ஒருபுறம் தந்த அழுத்தம் எப்புறமும் ஒப்பப் பரவும் என்னும் பாஸ்கலின் விதியே இதற்கு அடிப்படை. கடுமையாக மிதிக்குங்கால் குழாயினுள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1,000 ராத்தல் வரையும், சிலபோது அதற்கு மேலும் ஏறும். அத்துணை அழுத்தத்தையும் தாங்கும் குழாயின் புறவிட்டம் பெரும்பாலும் 3/16 அங்குலமே. அதன் சுவரின் கனமோ 0.7 மில்லிமீட்டர் அளவினது. பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்கட்கும் திரவ வழி ஒன்றே ஆதலின், ஓரிடத்துக் குழாய் முறிந்து ஒழுகின், மிதி அடிமட்டும் அமிழ்ந்து நான்கும் ஒருங்கே பயனற்றுப் போம். எனவே, கழற்றும்போது குழாய்க்கு நேர்ந்த ஊற்றினைக் காணாது விடுதல் உயிர்க்கே கேடாகும்.

நட்டு, குழாயோடு ஒட்டியதன்று. குழாயின்மேல் மோதிரம்போல் தனித்துச் சுழல்வது. குழாயின் நுனி புனல்வாய் போல அகலமாக்கப்பட்டிருக்கும். நட்டு உள்ளே திருகப்படுங்கால் அவ்வகல்வாயைச் சிலிண்டரின் இருக்கையோடு நெருக்குகின்றது. திரவம் ஒழுகாமற் காப்பது இந்நெருக்கமேயன்றி மரையன்று. மரைக்கு நூலும் நாடாவும் சுற்றுவார் இதனை அறியாதார். (சங்க நூல்களில் மரை என்பது காட்டு விலங்கு, பட்டறையிலோ திருகின் சுற்றுவரி. இரண்டும் எளிதில் அகப்படாமை பற்றி ஒரு பெயர் பெற்றன போலும்!)

இனித் துருவின் செயலைக் காண்போம். இரும்பு துருவாகுங்கால் முன்னினும் மிகுந்த இடங்கொள்ளும். ஆகலின் இடுக்கிற் பிறந்த துரு ஆப்புப் போல இறுகும். அது பற்றும் இடங்கள் இரண்டு. நட்டின் புறத்தே மரையில் ஒன்று. நட்டின் அகத்தே, குழாயைச் சூழ்ந்த துளையில் மற்றொன்று. பலரும் புறப்பற்றையே கருதி வலிமை காட்டுவர். அது விட்டு நட்டுச் சுழன்றதும் மகிழ்வர். அகப்பற்று விடாமையால் குழாயும் உடன் சுழன்று கயிறுபோல் முறுக்குண்பதை நோக்கார். அங்ஙனம் முறுக்குண்ட குழாயை நிமிர்த்து மீண்டும் பூட்டுதல் ஆகாது.

ஆதலின், கம்பிப் பிரஷ்ஷினால் மண்ணும் துருவும் போகத் தேய்த்து, துருவை இளக்கும் எண்ணெயை மரையின் ஓரத்தில் மட்டுமன்றி, குழாய் நட்டினுள் நுழையும் வாயிலிலும் இடுக. அகப்பற்றுக்கு மருந்து செல்லும் வழி அதுவே. ஓரிரவு காத்தல் நன்று. சிறு சுத்தியால் நட்டின் முகங்களில் மெல்லத் தட்டின் எண்ணெய் உட்புகும். அவ்வெண்ணெய் பிரேக் லைனிங்கிலும் ரப்பரிலும் படலாகாது. ‘பிரேக் ஆயில்’ என்று பெயர் வழங்கினும், வண்டிகளிற் பெரும்பாலும் ஊற்றப்படும் டாட் 3, டாட் 4 என்பன எண்ணெய் அல்ல. கிளைக்கால் இனத்துத் திரவங்கள். பெயரை நம்பி எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வாஷர்கள் உப்பிக் கெடும்.

திறந்த வாய் ஸ்பானர் இதற்கு ஆகாது. அஃது இரு முகங்களையே பற்றுதலின் மூலைகளை மழுக்கிவிடும். குழாய் நுழைதற்கு மட்டும் வாய் வெட்டப்பட்ட ரிங் ஸ்பானர் போன்ற பிளேர் நட்டு ஸ்பானரே தக்கது. அளவும் ஒத்திருத்தல் வேண்டும்: 7/16 அங்குலம் என்பது 11.11 மில்லிமீட்டர், அந்நட்டுக்கு 12 மில்லிமீட்டர் ஸ்பானரைப் போடின் மூலை மழுங்குதல் திண்ணம். குழாயின்மேல் முன்னரே சாக்கட்டியால் ஒரு கோடு இடுக. பின், இறுக்கும் திசையில் மயிரிழையளவு அசைத்து, அதன்பின் தளர்த்துக. கால் சுற்று வந்ததும் நிறுத்திக் கோட்டை நோக்குக. கோடு நகராதிருப்பின் அச்சமில்லை. நகர்ந்திருப்பின், மீண்டும் இறுக்கி, எண்ணெயிட்டு, முன்னும் பின்னுமாக அசைத்தல் வேண்டும். இதில் அரைமணி கழியினும் கழிக. ரப்பர் ஹோஸோடு குழாய் சேருமிடத்தில், ஹோஸின் முனையை மற்றொரு ஸ்பானரால் அசையாது பற்றிக்கொள்க.

சிலர் எடுத்த எடுப்பில் காஸ் விளக்கை ஏந்துவர். இதில் எமக்கு உடன்பாடில்லை. ஈரம் உறிஞ்சிய பழைய டாட் 3 திரவம் 140 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்தல் கூடும். மூடிய குழாயினுள் அது கொதித்துச் சீறினும், தீப்பற்றினும், அண்டையிலுள்ள ஹோஸ் உருகினும் வருவது கேடே.

இவையெல்லாம் பயனற்றவிடத்து, எதனைக் காக்கின்றோம் என்று துணிதல் வேண்டும். குழாய் விலை குறைந்தது. சிலிண்டரோ முதுவண்டிக்குக் கிடைத்தற்கு அரிது. ஆகவே மூலைகள் மழுங்குமுன்னரே குழாயை நட்டையொட்டி அறுத்துவிடுக. அறுத்தபின் ஆறுமுனைப் பாக்ஸ் ஸ்பானர் நட்டின்மேல் முழுதும் பொருந்தி ஆறு முகங்களையும் பற்றும். அடங்கா நட்டும் பெரும்பாலும் அதற்கு அடங்கும். குழாயை அறுத்தலைத் தோல்வியென்று நாணுவார் உளர். முறுக்குண்ட குழாயோடு மலைப்பாதையில் இறங்குதலினும் அந்நாணம் சிறிதன்றோ?

புதுக்குழாய் செம்பும் நிக்கலும் கலந்ததாயின் துருவேறாது, வளைத்தற்கும் எளிது. வெறுஞ் செம்புக் குழாய் இடையறா அதிர்ச்சியால் வெடிப்புறும் ஆதலின் அது வேண்டா. நுனியின் அகல்வாய் பழையதன் வடிவையே ஒத்திருக்க வேண்டும். பூட்டியபின் உள்ளே புகுந்த காற்றை முற்றும் போக்கி, ஒருவர் மிதியை வன்மையாக அமுக்கிப் பிடித்திருக்க, மற்றொருவர் நட்டைச் சுற்றி வெள்ளைத் தாளால் துடைத்துப் பார்க்க. ஈரம் காணின், சற்றுத் தளர்த்தி மறுபடியும் இறுக்குக. பின்னரும் தாள் நனையின், அகல்வாய் பழுதென்று கொண்டு குழாயைக் கழற்றி நுனியைப் புதிதாக ஆக்குக.