சரக்கைக் கடனுக்கு விடுமுன் வாங்குவது யார் என்று அறிக

வேப்பூர் வட்டார விவசாயிகள் மக்காச்சோளத்தை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோய் விற்பதும் உண்டு. களத்துக்கே வரும் வியாபாரியிடம் கடனுக்கு விடுவதும் உண்டு. கடனுக்கு விடும்போது விலையையும் ஈரப்பதக் கழிவையும் கவனமாகப் பேசுகிறார்கள். சீட்டின் தலைப்பில் அச்சடித்திருக்கும் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று கேட்பதில்லை. பணம் நின்றுபோனால் யாரிடம் வசூலிக்கலாம் என்பது அதைப் பொறுத்ததே.

குவிண்டால் 2,200 ரூபாய் வீதம் 40 குவிண்டாலுக்கு 88,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம்.

தனி உரிமையாளர்

ஒருவரே நடத்தும் கடையின் பெயருக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது. உரிமையாளரே கடனாளி. அவருடைய சொந்தச் சொத்திலிருந்தும் வசூலிக்கலாம். ஆகவே கடைப்பெயருடன் உரிமையாளரின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் எழுதி வாங்க வேண்டும்.

கூட்டு வியாபாரம்

1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, கூட்டாளிகள் எல்லோரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் கடனுக்குப் பொறுப்பாவர். மூன்று கூட்டாளிகள் இருந்தாலும் 88,000 ரூபாய் முழுவதையும் ஒருவரிடமே கேட்கலாம். பதிவு செய்யாத கூட்டு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்று சிலர் எண்ணுவது தவறு. ஒப்பந்தத்தை வைத்துப் பிறர்மேல் வழக்குப் போட அந்த நிறுவனத்துக்குத்தான் தடை, விவசாயிக்கு இல்லை.

லிமிடெட் கம்பெனி

கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் தனி ஆள். கடன் கம்பெனியுடையது, இயக்குநரின் வீட்டையும் நிலத்தையும் சாதாரணமாகத் தொட முடியாது. இங்கிலாந்தில் சாலமன் என்ற காலணி உற்பத்தியாளர், பங்குகளில் ஏறக்குறைய முழுவதையும் தாமே வைத்திருந்தும், கம்பெனியின் கடனுக்கு அவர் பொறுப்பல்ல என்று 1897இல் தீர்ப்பாயிற்று. விவசாயிகளே பங்குதாரராக உள்ள உற்பத்தியாளர் கம்பெனிக்கும், 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் எல்.எல்.பி. நிறுவனத்துக்கும் இதே தன்மை உண்டு. எனவே பெரிய கட்டடத்தையும் காரையும் பார்த்து ஏமாறாமல், முன்பணம் பெறுவதோ, இயக்குநர் ஒருவரின் சொந்த ஜாமீனை எழுத்தில் பெறுவதோ நல்லது.

கையெழுத்து யாருடையது?

களத்துக்கு வருபவர் பெரும்பாலும் ஏஜெண்டு. இன்னாருக்காக வாங்குகிறேன் என்று சொல்லிக் கையெழுத்திட்டால், சாதாரணமாக அவர் சொந்தப் பொறுப்பாளி அல்லர். யாருக்காக என்பதைச் சொல்லாவிட்டால் அவரே பொறுப்பு என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் கொள்கிறது. நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லி, ஒரு பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

சரிபார்ப்பது எப்படி?

சீட்டில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால், அந்த 15 இலக்க எண்ணை அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் செலவின்றித் தேடலாம். சட்டப்படியான பெயரும், தனி உரிமையா, கூட்டா, கம்பெனியா என்பதும் தெரியவரும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். விலக்குப் பெற்ற சரக்கை மட்டும் விற்பவருக்கு இந்த எண் இல்லாதிருக்கலாம். அப்போது உரிமையாளரின் அடையாள அட்டைப் பிரதியைக் கேட்க வேண்டும்.

காலக்கெடு

பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டுகளே உண்டு. தவணை குறித்திருந்தால் அது முடிந்த நாளிலிருந்தும், இல்லையேல் சரக்கு கொடுத்த நாளிலிருந்தும் கணக்கு. ஆகவே தேதியிட்ட எடைச் சீட்டையும் ஒப்பந்தத்தையும் பத்திரப்படுத்துக. லாரி களத்தை விட்டுக் கிளம்புமுன் இவற்றைக் கேட்டுப் பெறுவது எளிது. கிளம்பிய பின் கடினம்.