கருப்புக் கதவு தேக்குக் கதவு ஆன கதை



உங்க வீட்டுத் தேக்குக் கதவு கருத்துப்போய், தொட்டால் பிசுபிசுன்னு இருக்கா? எங்க வீட்டுக் கதவும் அப்படித்தான் இருந்தது. குருநாதசாமி பண்டிகைக்கு முன்னாடி அதை மரக்கடைக்குக் கொடுத்துட்டு இரும்புக் கதவு போடலாம் என்று அப்பா சொன்னார். அப்பாரு ஒன்றும் பேசவில்லை. ராத்திரி என்னிடம், "அம்முணி, கதவு கெட்டுப்போகல. அழுக்குத்தான் புடிச்சிருக்குது" என்றார்.

அழுக்கு எப்படி வந்தது? பொங்கலுக்குப் பொங்கல் மிச்ச நல்லெண்ணெயைக் கதவில் பூசியது நாங்களேதான்! நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சரியாகக் காயாது. புழுதியும் விளக்குப் புகையும் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கெட்டியாகும்.

தேக்கு சாமானியமான மரம் இல்லை. அதற்குள்ளேயே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் தண்ணீரையும் கரையானையும் தாங்கும். நம்ம ஆனைமலைத் தேக்கு 1800-களில் பம்பாய்க்குக் கப்பல் கட்டப் போனது. வெட்டின மரத்தை மலை மேலிருந்து சறுக்கி விட்ட இடம்தான் டாப்ஸ்லிப். 1817-ல் பம்பாயில் தேக்கால் கட்டிய 'டிரிங்கோமலி' என்ற கப்பல் இங்கிலாந்தில் இன்னும் மிதக்கிறது! படகுக்குள் இருக்கும் தேக்குப் பலகைக்கும் வீட்டுக் கதவுக்கும் பராமரிப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். படகு என்றால் முதலில் உப்பை நல்ல தண்ணீரில் துடைத்தெடுக்க வேண்டும்.

நாங்கள் செய்த முறை:

1. காய்ந்த துணியால் தூசி தட்டினோம்.
2. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கலந்து, துணியைப் பிழிந்து துடைத்தோம். மரத்தை ஊற விடக்கூடாது. நிழலில் இரண்டு நாள் காயவிட்டோம்.
3. பிசுக்கு போகாத இடத்தில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தோம்.
4. உப்புத்தாளில் முதலில் 120, பிறகு 220 நம்பர். ரேகை ஓடும் பக்கமாகத்தான் தேய்க்கணும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.
5. பெயின்ட் கடையில் 'டபுள் பாயில்டு' ஆளிவிதை எண்ணெய் கிடைக்கும். முதல் பூச்சுக்கு அதில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து மெல்லிசாகப் பூசினோம். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டோம். ஒரு நாள் காய்ந்ததும் மறுபூச்சு.

ரொம்ப முக்கியம்! ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள். டர்பன்டைனை அடுப்புக்கிட்ட வைக்காதீர்கள். பெரியவங்க கூட இருக்கும்போதுதான் செய்யணும்.

நிலைக்கு மேலே தேய்க்கும்போது கருப்புக்கு அடியிலிருந்து '1961' என்ற எழுத்து வந்தது. அப்பாருவோட அப்பா செதுக்க வைத்ததாம். அப்பா அதைத் தடவிப் பார்த்தார். மரக்கடைக்காரர் வந்தபோது, "கதவு குடுக்கறதில்லீங்க" என்று அனுப்பிவிட்டார்.

தோழர்களே, பழைய மரத்தைக் கொடுக்கும் முன் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள்!

— 9-ஆம் வகுப்பு மாணவி