சியாச்சின் பனியாற்றில் படைவீரர் வாழ்க்கை

சியாச்சின் என்பது காரகோரம் மலைத்தொடரில் அமைந்துள்ள, ஏறத்தாழ 76 கி.மீ. நீளமுடைய பனியாறு ஆகும். உலகின் மிக உயரமான போர்க்களமாக இது கருதப்படுகிறது. 1984 ஏப்ரல் 13 அன்று மேகதூத் நடவடிக்கையைத் தொடங்கிய இந்தியப் படையினர், பனியாற்றின் மேற்கேயுள்ள சால்டோரோ முகடுகளில் நிலைகொண்டனர். முகடுகளுக்கு அப்பால் பாக்கித்தான் படையினர் உள்ளனர். 2003 நவம்பரில் போர்நிறுத்தம் ஏற்படும் வரை இரு தரப்பும் பீரங்கிகளால் தாக்கிக்கொண்டன. எனினும் குண்டுபட்டு இறந்தோரைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் இறந்தோரே அதிகம்.

மேலேறுதல்

கீழிருந்து வரும் வீரரை நேரடியாக மேலே அனுப்புவதில்லை. மூன்று உயரங்களில், மொத்தம் இரண்டு வாரங்கள் தங்கவைத்து, குறைந்த காற்றழுத்தத்துக்கு உடலைப் பழக்குகின்றனர். இதனைத் தவிர்த்தால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து இறக்க நேரிடலாம். பனியாற்றின் மீது வீரர்கள் ஒரே கயிற்றில் பிணைந்து வரிசையாக நடப்பர். ஒருவர் பனிப்பிளவில் விழுந்தால் மற்றவர்கள் இழுத்து நிறுத்த வேண்டும். வெயில் ஏறினால் பனி இளகும் என்பதால் இரவிலோ விடியலிலோ நடப்பதே வழக்கம்.

காவல்நிலையில் ஒரு நாள்

குளிர்காலத்தில் வெப்பநிலை -50 °செ வரை இறங்குவதுண்டு. சுற்றிலும் பனியே இருப்பினும் குடிநீர் கிடையாது. பனியை வெட்டி, மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்கியே குடிக்கவும் சமைக்கவும் வேண்டும். அதே மண்ணெண்ணெய்தான் குடிலுக்கும் வெப்பம் தருகிறது. அதன் புகைக்கரி முகத்திலும் மூச்சிலும் படிகிறது. பனிப்புயல் வீசும் நாட்களில் இரவிலும் முறைவைத்துப் பனியை அள்ளிக் கொட்டாவிட்டால் குடிலே புதைந்துவிடும். ஹெலிகாப்டர் இறங்கும் தளத்தையும் இவ்வாறே காக்க வேண்டும், ஏனெனில் உணவும் எரிபொருளும் நோயாளியை மீட்கும் வழியும் அதனையே சார்ந்துள்ளன.

வெறுங்கையால் துப்பாக்கியின் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். வியர்வையும் ஆபத்தானதே. காலுறைக்குள் அது உறைந்தால் விரல்கள் கருகி, வெட்டியெடுக்கும் நிலை வரலாம். பசி குறைவதும் உறக்கம் கெடுவதும் ஏறக்குறைய அனைவருக்கும் நேர்வன. எனவே மிக உயரமான நிலைகளில் ஒருவரை ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை.

பனியாற்றைக் காப்பதாக நம்பப்படும் ஓபி பாபா என்ற வீரருக்கு அடிவார முகாமில் கோயில் உள்ளது. மேலே செல்வோரும் திரும்புவோரும் அதிகாரியிடம் அறிவிப்பதைப் போலவே அங்கும் வந்து அறிவிக்கின்றனர்.

பனிச்சரிவுகள்

2012 ஏப்ரல் 7 அன்று கயாரி என்னுமிடத்தில் பாக்கித்தான் படைமுகாம் பனிச்சரிவில் புதைந்து 140 பேர் இறந்தனர். 2016 பெப்ரவரி 3 அன்று சோனம் காவல்நிலையில் மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்த பத்துப் பேர் புதையுண்டனர். இவர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர். ஆறு நாட்களுக்குப் பின் ஒருவர் மட்டும் உயிருடன் மீட்கப்பட்டார். அவரும் பெப்ரவரி 11 அன்று தில்லி மருத்துவமனையில் காலமானார்.