இணைப்போடு வந்த முகவரி: தொழிற்பேட்டையின் பழைய மெயில் பெட்டி திறக்காதபோது

இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனம் அதோடு சேர்த்துத் தரும் மின்னஞ்சல் முகவரி, ஜிமெயில் போன்ற பொது முகவரியைப் போன்றதல்ல. அது இணைப்பின் கிளை. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, நிறுவனத்தின் ஏடுகளில் அவரே பெட்டிக்கு உரியவர். பெட்டி நிலைக்குமா என்பதையும் அந்த இணைப்பே தீர்மானிக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருட்டாலைகள், வார்ப்பாலைகள், காக்களூர் சிட்கோவின் சிறு பட்டறைகள் போன்ற இடங்களில் லெட்டர்பேடிலும் பில் புத்தகத்திலும் அச்சாகி, வருடக்கணக்காகப் புழங்கும் முகவரிகளில் இந்த வகையும் உண்டு. ஒரு நாள் காலை உள்நுழைய முடியாமல் போகும்போதுதான், அந்த ஒரு முகவரியை நம்பி எத்தனை வேலைகள் நடந்துகொண்டிருந்தன என்பது தெரியவருகிறது.

இந்த முகவரிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. பழுது பார்க்கும்போது அது உதவும். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய சேவையைத் தொடங்கியபோது, முதலில் இடம்பெற்ற நகரங்களில் அன்றைய மெட்ராஸும் ஒன்று. அப்போது வழங்கப்பட்ட முகவரிகளில் '@' குறிக்குப் பின்னால் மெட்ராஸைக் குறிக்கும் 'எம்டி' என்ற எழுத்துகள் வரும். 1998இல் தனியாருக்கும் அனுமதி கிடைத்தது. சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் ஆன்லைனும் டிஷ்நெட்டும் தத்தம் பெயரில் முகவரி கொடுத்தன. 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். செயல்படத் தொடங்கியது. அதன் டயல்-அப் வாடிக்கையாளர்களுக்கு 'சஞ்சார்நெட்' முகவரியும், 2005 ஜனவரியில் பிராட்பேண்டு வந்த பிறகு 'டேட்டாஒன்' முகவரியும், பின்னாளில் 'பிஎஸ்என்எல்.இன்' முகவரியும் கிடைத்தன. வி.எஸ்.என்.எல். 2002இல் டாட்டா குழுமத்தின் கைக்குப் போய், 2008இல் டாட்டா கம்யூனிகேஷன்ஸ் என்று பெயர் மாறியது. நிறுவனம் கைமாறினாலும் பெயர் மாறினாலும், பின்னணியில் உள்ள சர்வர்களின் பெயரும் அமைப்பும் மாறக்கூடும். அலுவலகக் கணினியில் எப்போதோ ஒருவர் நிரப்பிவிட்டுப் போன பழைய சர்வர் பெயர் மட்டும் தானாக மாறாது.

முகவரி முடங்கினால் வாடிக்கையாளரின் ஆர்டரும் டிராயிங்கும் வராமல் போவது கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் அதைவிடப் பெரியது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169ஆவது பிரிவு, பதிவின்போது கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புவதையும் நோட்டீஸைச் சேர்ப்பிக்கும் முறைகளில் ஒன்றாக ஏற்கிறது. பெட்டியைத் திறக்க முடியவில்லை என்பதற்காக நோட்டீஸுக்குப் பதில் சொல்லும் கெடு நின்றுவிடாது. ஏற்றுமதி செய்பவரின் ஐ.இ.சி. பதிவு, வருமான வரிக் கணக்கு, வங்கியின் ஓ.டி.பி. என்று ஒவ்வொன்றும் ஏதோ ஒரு முகவரியைக் கேட்டிருக்கும். அன்று கையிலிருந்தது இந்த முகவரிதான்.

உள்நுழைய முடியாதபோது முதலில் தெளிவுபடுத்த வேண்டியது எந்தப் பாஸ்வேர்டு பற்றிப் பேசுகிறோம் என்பது. ஒரு பிராட்பேண்டு இணைப்பில் குறைந்தது நான்கு பாஸ்வேர்டுகள் இருக்கும். மோடத்துக்குள் பதிந்திருப்பது இணைப்பை உயிர்ப்பிக்கும் பாஸ்வேர்டு. வைஃபைக்கு ஒன்று. பில் பார்க்கவும் பணம் கட்டவும் உள்ள வாடிக்கையாளர் தளத்துக்கு ஒன்று. மெயில் பெட்டிக்கு ஒன்று. தொடக்கத்தில் இவற்றில் இரண்டு மூன்றுக்கு ஒரே சொல்லை வைத்திருப்பார்கள். பிறகு ஒன்றை மட்டும் மாற்றியிருப்பார்கள். லைன்மேன் வந்து மோடத்தை மாற்றியபின் இணையம் ஓடுகிறது, மெயில் மட்டும் திறக்கவில்லை என்ற புகாரில் இந்தக் குழப்பம் பலமுறை ஒளிந்திருக்கிறது. பயனர் பெயரிலும் இதே சங்கடம் உண்டு: ஒரு சேவைக்கு '@' குறிக்கு முன்னால் உள்ள பகுதி போதும், இன்னொன்று முழு முகவரியையும் கேட்கும்.

அடுத்து செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்று. அதைச் செய்யாமல் அவுட்லுக் அமைப்புகளைத் திருகத் தொடங்குவது பொழுதை வீணாக்கும். நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே வெப்மெயில் பக்கத்துக்குப் போய், பிரவுசரில் நேரடியாக உள்நுழைந்து பார்க்க வேண்டும். அங்கே பெட்டி திறந்தால் கணக்கும் பாஸ்வேர்டும் நலம், கோளாறு அலுவலகக் கணினியில்தான். அங்கேயும் திறக்காவிட்டால் கணினியை எத்தனை முறை மாற்றி அமைத்தாலும் பயனில்லை. தேடுபொறியில் தேடி முதலில் வரும் தளத்துக்குப் போவது ஆபத்து. நிறுவனத்தின் உள்நுழைவுப் பக்கத்தைப் போலவே போலிப் பக்கங்களைச் செய்து பாஸ்வேர்டு பறிப்பவர்கள் உண்டு.

வெப்மெயில் திறக்காதபோது எழுத்துப்பிழையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். லெட்டர்பேடில் முகவரியை அடிக்கோடிட்டு அச்சிட்டிருந்தால், அதற்குள் இருக்கும் அண்டர்ஸ்கோர் குறி கோட்டோடு கோடாக மறைந்துபோயிருக்கும். புதிதாக வந்த கணக்கர் அதை இடைவெளி என்று நினைத்துவிடுவார். சுழியமும் ஆங்கில 'ஓ'வும் கையெழுத்தில் ஒன்றுபோல இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த பாஸ்வேர்டைப் படியெடுத்து ஒட்டினால் கடைசியில் ஓர் இடைவெளியும் சேர்ந்து வரும். விசைப்பலகை தமிழ்த் தட்டச்சில் நின்றிருந்தால், புள்ளிகளாக மட்டும் தெரியும் பெட்டிக்குள் தவறு கண்ணில் படாது. பாஸ்வேர்டை ஒரு நோட்பேடில் அடித்துப் பார்த்து, சரியாக இருந்தால் அங்கிருந்து ஒட்டி, பிறகு நோட்பேடைச் சேமிக்காமல் மூடுவது எளிய வழி. தொடர்ந்து தவறாக அடித்தால் பல சேவைகள் கணக்கைச் சிறிது நேரத்துக்குப் பூட்டிவிடும். அப்போது சரியான பாஸ்வேர்டும் ஏற்கப்படாது, ஆகவே அரை மணி பொறுத்து முயல்வது நல்லது. அலுவலகத்தில் வேறொரு கணினியோ யாரோ ஒருவரின் செல்போனோ பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக முயன்றுகொண்டிருந்தால் பூட்டு அவிழவே அவிழாது. புதிய பாஸ்வேர்டு வைத்த பின்னும் கணக்கு பூட்டிக்கொண்டே இருந்தால் இந்தக் கருவியைத்தான் தேட வேண்டும்.

பாஸ்வேர்டு உண்மையிலேயே மறந்துபோயிருந்தால் மீட்பது பதிவான செல்போன் எண்ணைப் பொறுத்தது. சிறு தொழிற்கூடங்களில் அந்த எண் பெரும்பாலும் வேலையை விட்டுப் போன ஒருவருடையதாக இருக்கிறது. அல்லது இணைப்பு, காலமான தந்தையின் பெயரிலோ பிரிந்துபோன பங்குதாரரின் பெயரிலோ தொடர்கிறது. இந்நிலையில் இணையவழி மீட்பு பலிக்காது. கடைசி பில், உரிமையாளரின் அடையாளச் சான்று, நிறுவன முத்திரையிட்ட கடிதம் ஆகியவற்றோடு வாடிக்கையாளர் சேவை மையத்துக்கு நேரில் போவதே வழி. பெயர் மாற்றம் தேவைப்பட்டால் பாஸ்வேர்டுக்கு முன்னால் அதை முடிக்க வேண்டியிருக்கும். பாக்கி ஏதும் நிற்கிறதா என்பதையும் அதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. பெட்டி திறக்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

வெப்மெயில் திறக்கிறது, அவுட்லுக்கில் மட்டும் மெயில் இறங்கவில்லை என்றால் சங்கதி வேறு. மெயிலை இறக்கித் தர இரண்டு முறைகள் உள்ளன. பாப் முறை சர்வரில் இருப்பதைக் கணினிக்குக் கொண்டுவந்து, வழக்கமாக அங்கே அழித்துவிடும். ஐமேப் முறை சர்வரிலேயே வைத்துக்கொண்டு படிக்கக் காட்டும். பாதுகாப்பான பாப் இணைப்புக்கு 995, ஐமேப்புக்கு 993 என்பவை நிலைபெற்ற போர்ட் எண்கள். பழைய அமைப்பில் 110 அல்லது 143 என்று இருந்தால் மறைகுறியாக்கம் இல்லாத இணைப்பைச் சர்வர் மறுத்திருக்கலாம். டி.எல்.எஸ். என்ற மறைகுறியாக்க முறையின் 1.0, 1.1 பதிப்புகளை இணையத் தர அமைப்பு 2021 மார்ச்சில் கைவிட்டது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. எடைமேடை மென்பொருளுக்காகவோ பழைய கணக்கு மென்பொருளுக்காகவோ விண்டோஸ் 7 கணினியை விடாமல் வைத்திருக்கும் இடங்களில், நேற்றுவரை வந்த மெயில் இன்று நின்றுபோவதற்கு, பழைய டி.எல்.எஸ். பதிப்பைச் சர்வர் ஏற்காமல் விடுவது ஒரு காரணம். அந்தக் கணினி அதன் வேலையைச் செய்யட்டும். மெயிலை வேறு கணினியில் பார்ப்பதே முறை.

இன்னொரு காரணம் மிக எளியது, ஆனால் எளிதில் தோன்றாது. மதர்போர்டில் நாணயம் போன்ற ஒரு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்த கணினி, மின்சாரம் போய் வந்ததும் தேதியை மறந்து பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். சர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தப் பழைய தேதியில் செல்லாது என்பதால் கணினி இணைப்பை ஏற்காது. திரையில் வருவது சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை. மருந்து ஒரு சிறிய பேட்டரி. எச்சரிக்கை வந்ததும் 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்திப் பழகுவது மட்டும் கூடாது. அது உண்மையான மோசடிக்கும் கதவைத் திறந்துவிடும்.

மெயில் வருகிறது, போகவில்லை என்ற புகாருக்கு இரண்டு காரணங்களைப் பார்த்தால் போதும். அனுப்பும் சர்வருக்கும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் காட்ட வேண்டும் என்ற கட்டம் அவுட்லுக்கில் தனியாக இருக்கிறது. அதில் டிக் போடாவிட்டால் 'ரிலே' மறுக்கப்பட்டது என்ற பொருளில் 550 வரிசைப் பிழை வரும். அடுத்தது போர்ட் 25. குப்பை மெயில் பரவாமல் இருக்கப் பல இணைய நிறுவனங்கள் இதை அடைத்துவிட்டன. 587 அல்லது 465 பயன்படுத்த வேண்டும். பழைய நிறுவனத்தின் முகவரியை வைத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் ஃபைபர் இணைப்புக்கு மாறிய அன்றே அனுப்புவது நின்றுபோனால், பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

பெட்டி நிரம்பிப்போவது தனிக்கதை. இணைய நிறுவனங்கள் கொடுத்த பெட்டிகள் சிறியவை. டை, ஃபிக்ஸ்சர் டிராயிங்குகள் நாலைந்து வந்தால் இடம் முடிந்துவிடும். அனுப்பியவருக்கு 552 என்ற எண்ணோடு மெயில் திரும்பிப் போகும், பெற வேண்டியவருக்கோ எதுவுமே தெரியாது. இணைப்புக் கோப்பு மெயிலில் ஏறும்போது எழுத்துகளாக மாற்றப்படுவதால் அதன் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 18 எம்.பி. கோப்பு 24 எம்.பி.யைத் தொடுவது இதனால்தான். ஒரு பெரிய மெயில் பாதியில் சிக்கி, அதன் பின்னால் உள்ளவை எதுவும் இறங்காமல் நிற்பதும் உண்டு. வெப்மெயிலில் போய் அந்த ஒன்றை மட்டும் சேமித்து அழித்தால் வரிசை நகரும். பாப் முறையில் இறக்கிய மெயில்கள் எல்லாம் அந்த ஒரு கணினியின் ஒரே கோப்பில் கிடக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. அவுட்லுக் 2002க்கும் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் அந்தக் கோப்பின் உச்ச அளவு 2 ஜி.பி. அதைத் தாண்டினால் கோப்பே கெடும். வன்தட்டு போனால் பத்து வருட ஆர்டரும் கடிதமும் அதோடு போகும். மாதம் ஒருமுறை அந்தக் கோப்பை வேறொரு தட்டில் படியெடுத்து வைப்பதற்கு மாற்று இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் அனுப்பிய மெயில் பெறுபவரின் ஸ்பேமில் விழுகிறது என்றால், முகவரி ஒரு நிறுவனத்துடையது, அனுப்பும் சர்வர் இன்னொன்றுடையது என்ற முரணைச் சந்தேகிக்கலாம். இந்த முகவரியின் பெயரில் இந்தச் சர்வர் அனுப்பலாம் என்று உறுதிசெய்யும் பதிவுகள் இருக்கின்றனவா என்று பெறும் பக்கம் சரிபார்க்கிறது. கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து இதில் கெடுபிடியாக இருக்கிறது. முகவரியைக் கொடுத்த நிறுவனத்தின் சர்வர் வழியாகவே அனுப்புவது இதற்குத் தீர்வு.

உள்நுழைய முடியாததற்குக் காரணம், உள்ளே வேறொருவர் இருப்பதாகவும் இருக்கலாம். பெட்டியைக் கைப்பற்றியவர் சத்தமில்லாமல் ஒரு தானியங்கி அனுப்புதல் விதியை அமைத்து, எல்லா மெயிலின் நகலையும் தனக்கு வரவழைப்பார். பிறகு பணம் வர வேண்டிய வாடிக்கையாளருக்கு, அதே பெட்டியிலிருந்தோ ஓரெழுத்து மட்டும் மாறிய முகவரியிலிருந்தோ, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று எழுதுவார். மீண்டும் உள்ளே போனதும் பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிற்காமல் அந்த விதிகளையும் பார்த்து நீக்க வேண்டும். பணம் போயிருந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும் முன் தடுக்க முடிகிற நேரம் மிகக் குறைவு. பெட்டி நிரம்பிவிட்டது, இந்த இணைப்பை அழுத்திப் புதுப்பியுங்கள் என்று வரும் மெயிலும், ஓ.டி.பி. கேட்டு நிறுவனத்தின் பெயரில் வரும் அழைப்பும் இந்தக் கொள்ளையின் முதல் படி.

இணைப்பை மாற்றப் போகிறவர்கள் பழையதைச் சரண்டர் செய்யும் முன் செய்ய வேண்டியவை உண்டு. கம்பியைத் துண்டித்த பிறகு செய்ய முடியாதவை அவை. புதிய முகவரியைத் திறந்து, பழைய பெட்டியிலிருந்து மெயில்களை எடுத்து வைத்து, அரசுத் தளங்களில் ஒவ்வொன்றாக முகவரியை மாற்ற வேண்டும். ஜி.எஸ்.டி. தளத்தில் இதை ஓ.டி.பி. சரிபார்ப்போடு வரி செலுத்துபவரே மாற்றிக்கொள்ளலாம், அதிகாரியின் ஒப்புதல் வேண்டியதில்லை. பதிவான செல்போனும் மெயிலும் இரண்டுமே கைவிட்டுப் போயிருந்தால், தமக்குரிய வரி அலுவலகத்துக்கு ஆவணங்களோடு போய் மாற்ற வேண்டும். ஐ.இ.சி. விவரங்களை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரை உறுதிசெய்ய வேண்டியிருப்பதால், அந்த மாதங்களில் மாறுவது ஏற்றுமதியாளர்களுக்கு வசதி. பழைய இணைப்பைச் சில மாதங்கள் கூடுதலாக வைத்திருந்து, வரும் மெயிலுக்கெல்லாம் புதிய முகவரியைச் சொல்லும் தானியங்கிப் பதிலைப் போட்டுவைத்தால் வருடம் ஒருமுறை ஆர்டர் கொடுப்பவர்களில் பலரும் தகவல் அறிந்துவிடுவார்கள்.

புதிய முகவரி நிறுவனத்தின் சொந்த டொமைனில் இருப்பது மேல். இணைப்பு மாறினாலும் முகவரி மாறாது. ஆனால் டொமைனை யார் பெயரில் பதிவு செய்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். வெப்சைட் செய்துகொடுத்த பையனின் பெயரில் பதிவாகிவிட்டால் பழைய சிக்கல் வேறு உருவில் திரும்பி வரும். பதிவு தொழிற்கூடத்தின் பெயரில் இருக்க வேண்டும். ஆண்டுப் புதுப்பிப்புக்கான நினைவூட்டல் அதே டொமைனில் உள்ள பெட்டிக்கு மட்டும் போகாமல், உரிமையாளரின் வேறொரு முகவரிக்கும் ஆடிட்டரின் முகவரிக்கும் போகும்படி செய்துவைக்க வேண்டும். டொமைன் காலாவதியானால் அந்தப் பெட்டியும் அதோடு மூடிவிடும், நினைவூட்டலைப் படிக்க ஆள் இருக்காது.